ஓர் எழுத்தின் விலை: கணினிக்கு நுண்செயலி தேர்ந்தெடுத்தல்



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவதே பெரும்பாலும் வழக்கம். இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒரு மேசைக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நாமே பொருத்தும்போது, அதற்குரிய நுண்செயலியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே அது. இதைத் தமிழ் மேடையில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடையாக, எங்களுக்கு நேர்ந்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழிக் கழகத்தை நடத்திவரும் ஆசிரியர்கள். கழக இதழுக்குப் பக்கம் அமைக்கவும், மாணவர்களின் வானொலி நாடகங்களைப் பதிவு செய்யவும் ஒரு கணினி தேவைப்பட்டது. மாணவர்கள் பள்ளி விழாவில் பலகாரம் விற்றுப் பணம் சேர்த்தனர். பாகங்களை வாங்கி நாமே பொருத்தினால் மாணவர்களும் கற்றுக்கொள்வர் என்று முடிவு செய்தோம். கடையில் ‘இன்டெல் கோர் ஐ5-12400எஃப்’ என்னும் நுண்செயலி, ‘எஃப்’ இல்லாத அதே எண்ணைவிடச் சற்று மலிவாக இருந்தது. உடன் வந்த நான்காம் படிவ மாணவி ஒருத்தி, “ஐயா, அந்தக் கடைசி எழுத்து எதற்கு?” என்று கேட்டாள். “அது ஏதோ கம்பெனிக் குறியீடம்மா” என்று சொல்லிவிட்டு, மலிவானதை வாங்கினோம்.

மறுநாள் எல்லாவற்றையும் பொருத்தி மின்சாரம் கொடுத்தோம். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் இருண்டே கிடந்தது. இரண்டு மாலைப்பொழுதுகள் கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்த பின்னரே உண்மை விளங்கிற்று. ‘எஃப்’ என்று முடியும் நுண்செயலியில், திரைக்குப் படம் அனுப்பும் வரைகலைப் பகுதி இயங்காது. தனியாக ஒரு வரைகலை அட்டை பொருத்தினால்தான் திரை ஒளிரும். நினைவகத்திற்கென ஒதுக்கிய பணத்தின் ஒரு பகுதி அந்த அட்டைக்குப் போயிற்று. 16 கிகாபைட் நினைவகம் வாங்க எண்ணியிருந்த நாங்கள் 8 கிகாபைட்டுடன் நிறுத்திக்கொண்டோம். கடைக்காரர்மீது குறையில்லை. செய்தி பெட்டியின்மேல் அச்சிடப்பட்டே இருந்தது. வாசிக்கத் தவறியவர்கள் நாங்கள்.

‘பல்லி’ என்பதும் ‘பள்ளி’ என்பதும் லகர ளகர எழுத்தால் வேறுபடுவதை நாள்தோறும் கற்பிப்பவர்கள் நாம். தேர்வுத்தாளில் அவ்வெழுத்து மாறினால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். அப்படிப்பட்ட நாங்கள், மாணவி சுட்டிக்காட்டிய ஓர் எழுத்தைப் பொருட்படுத்தாமல் விட்டோம். அப்பிழையிலிருந்து கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘செயலி’ என்னும் சொல் இன்று கைப்பேசியில் பதிவிறக்கும் மென்பொருளைக் குறிப்பதாகவே பெரிதும் வழங்குகிறது. ஆகையால் கணினியின் கணக்கிடும் சில்லை இவ்வுரையில் ‘நுண்செயலி’ என்றே குறிப்போம். 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று மேசைக் கணினியில் பொருத்தப்படும் சில்லில் அவை பல நூறு கோடியாகப் பெருகியுள்ளன. ஆயினும் அதன் தொழில் மாறவில்லை: கட்டளையை எடுத்தல், பொருள் காணல், நிறைவேற்றல்.

நுண்செயலியின் பெயரை எப்படி வாசிப்பது? நம் மாணவர்கள் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்கள். ஒரு சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரிக்க அறிந்தவர்களுக்கு இது கடினமன்று. ‘கோர் ஐ5-12400எஃப்’ என்பதில் ‘கோர்’ குடும்பப் பெயர். ‘ஐ5’ அக்குடும்பத்துள் அதன் படிநிலை. ‘12’ அது எத்தனையாவது தலைமுறை என்பதைக் காட்டும். ‘400’ அத்தலைமுறையில் அதன் இடம். இறுதியில் நிற்பது விகுதி. ‘எஃப்’ வந்தால் உள்ளமை வரைகலை இல்லை. ‘கே’ வந்தால் கடிகார வேகத்தைப் பயனரே உயர்த்திக்கொள்ள இடமுண்டு. ‘டி’ வந்தால் குறைந்த மின்சாரத்தில் இயங்கும்.

மொழிக்கு மொழி இலக்கணம் வேறுபடுவதுபோல், நிறுவனத்திற்கு நிறுவனம் இதுவும் வேறுபடும். ஏஎம்டி நிறுவனத்தின் ‘ரைசன் 5 5600’ நுண்செயலியில் வரைகலைப் பகுதி கிடையாது. ‘5600ஜி’ என்றால் உண்டு. அதே நிறுவனத்தின் 7000 வரிசையிலோ, ‘ஜி’ இல்லாமலே பெரும்பாலானவற்றில் எளிய வரைகலைப் பகுதி அமைந்திருக்கிறது. இன்டெல் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட மேசைக் கணினி வரிசைக்குக் ‘கோர் அல்ட்ரா’ எனப் பெயரிட்டு, ‘ஐ’ என்னும் எழுத்தையே நீக்கிவிட்டது. எனவே ஒருமுறை மனப்பாடம் செய்தால் போதாது; வாங்கும்போதெல்லாம் வாசிக்க வேண்டும்.

படிநிலையை மட்டும் பார்ப்போர் தலைமுறையை மறந்துவிடுகின்றனர். 2017இல் வந்த ‘கோர் ஐ7-7700’ நான்கு கருக்கள் கொண்டது. 2022இல் வந்த ‘கோர் ஐ3-12100’ நுண்செயலிக்கும் நான்கு கருக்களே. கரு என்று நாங்கள் சொல்வது, நுண்செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதியை. இவ்விரண்டில் பின்னதே வேகமானது. ‘ஐ7’ என்னும் ஒட்டைக் கண்டு, பழைய நுண்செயலிக்கு மிகுதியாகப் பணம் கொடுத்துவிடலாகாது.

அடுத்தது கடிகார வேகம். கிகாஹெர்ட்ஸ் எண் பெரிதானால் கணினி விரைவாகும் என்பது பரவலான நம்பிக்கை. அந்நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டதுதான் பென்டியம் 4. வேகத்தை ஏற்ற ஏற்ற வெப்பமும் ஏறியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ வெளியிடும் திட்டத்தை 2004இல் இன்டெல் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ, 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கியே 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ விஞ்சியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதே காரணம். அண்மைச் சான்றும் உண்டு. ‘ரைசன் 7 7700எக்ஸ்’, ‘7800எக்ஸ்3டி’ ஆகிய இரண்டும் எட்டுக் கருக்கள் கொண்டவை. உச்ச வேகத்தில் முன்னது 5.4 கிகாஹெர்ட்ஸ், பின்னது 5.0. ஆனால் பின்னதில் கேஷ் நினைவகம் 32க்குப் பதில் 96 மெகாபைட். தரவு அருகிலேயே இருப்பதால், கணினி விளையாட்டுகள் பலவற்றில் வேகம் குறைந்ததே முந்துகிறது.

கருக்களின் எண்ணிக்கையையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். ‘கோர் ஐ5-13600கே’ நுண்செயலியில் 14 கருக்கள் உண்டு. அவற்றுள் ஆறு வலிமை மிக்கவை, எட்டு சிக்கனமானவை. மேலும், எல்லா வேலைகளையும் பங்கிட முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் பலகாரம் விரைவில் சுட்டு முடியும். அரைத்த மாவு புளிக்கும் நேரம் குறையாது. 1967இல் ஜீன் அம்டால் இதை விதியாகவே வகுத்தார். ஒரு வேலையில் பாதி பங்கிட இயலாததாயின், எத்தனை கருக்கள் சேர்ந்தாலும் இரு மடங்குக்குமேல் விரைவு கிட்டாது.

ஆகவே தேர்வு தொடங்க வேண்டிய இடம் கடையன்று. நாம் செய்யப்போகும் வேலை. திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரம் உண்டு. வினையையும் வினைசெய்வாரையும் ஆராய்ந்து பொருத்துமாறு அது வற்புறுத்துகிறது. கட்டுரை எழுதுதல், இணையத் தேடல், இதழ் அமைத்தல், குரல் பதிவு ஆகியவற்றுக்கு உள்ளமை வரைகலையுடன் கூடிய நான்கு அல்லது ஆறு கருக்கள் போதும். மிஞ்சும் பணம் நினைவகத்திற்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்திற்கும் போகட்டும். விளையாட்டே நோக்கமெனில் வரைகலை அட்டைக்கு முதலிடம் கொடுத்து, அதற்கு ஈடுகொடுக்கும் நுண்செயலியைத் தேடுக. காணொளித் தொகுப்பும் முப்பரிமாண வரைவும் செய்வோருக்குத்தான் கூடுதல் கருக்கள் உழைத்துக் கொடுக்கும்.

நுண்செயலி தனித்து வாழ்வதில்லை. தாய்ப்பலகையில் அதற்குரிய பொருத்துவாய் வேண்டும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700 என்னும் ஒரே பொருத்துவாயில் அமர்வன. அதற்கடுத்த கோர் அல்ட்ரா வரிசைக்கு வேறு பலகை வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 பலகைகளுள் 2017இல் வாங்கியவை பலவும், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தபின், 2022இன் நுண்செயலியையும் ஏற்றன. பின்வந்த ஏஎம்5 பலகை டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இன்று மலிவாகக் கிடைப்பது நாளை மேம்படுத்த இடந்தருமா என்று கேட்பது, சிறுகச் சேர்த்த பணத்திற்கு நாம் செய்யும் மரியாதை.

வெப்பத்தையும் மறத்தலாகாது. ‘12400’ நுண்செயலியின் அடிப்படை மின்னளவு 65 வாட். உச்சத்தில் 117 வாட் வரை செல்லும். அறைக்காற்று 10 டிகிரி சூடாக இருந்தால், அதே குளிர்விசிறியின்கீழ் நுண்செயலியும் ஏறத்தாழ அவ்வளவு கூடுதலாகச் சூடேறும். குளிர்சாதனம் இல்லாத நம் அறைகளில் இது சிறிய செய்தியன்று. ‘கே’ விகுதி கொண்ட இன்டெல் பெட்டிகளில் குளிர்விசிறி வருவதில்லை. அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இறுதியாக, தொடங்கிய வினாவுக்குத் திரும்புகிறோம். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் தொடங்கிய இடம் பினாங்கு. பாயான் லெப்பாஸ் ஆலைகளில் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் அனுப்பிய கைகளுள் தமிழர் கைகளும் உண்டு. நம் கைகள் அறிந்த பொருளை நம் நாவு அறியாதிருப்பது முறையா? பெற்றோரும் பிள்ளையும் எந்தக் கணினி வாங்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் கூடிப் பேசுகையில், அப்பேச்சு தமிழில் நடக்கவேண்டுமாயின், அதற்கான சொற்களும் விளக்கங்களும் வகுப்பறையிலேயே புழங்க வேண்டும்.

அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கிறாள். நுண்செயலியின் பெயரைப் பகுபதமாகப் பிரித்துக் காட்டும் வரைபடம் ஒன்றை எழுதி, கழக அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். விடுபட்ட 8 கிகாபைட் நினைவகத்தை இவ்வாண்டு வாங்கிப் பொருத்தியவளும் அவளே. ஆசிரியப் பெருமக்களே, மாணவர் இவ்வாறு தமிழில் கேட்கும்போது, விடை தெரிந்தால் தமிழில் சொல்வோம். தெரியாவிடில் “தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்போம். மாணவர்களே, விடை கிடைக்கும்வரை கேட்பதை நிறுத்தாதீர்கள்.