நமது வானொலியும் நமது வாட்ஸ்அப்பும்



நம் ஜவ்வாது மலையில் அலைபேசிக் கோபுரம் வருவதற்கு முன்பே சிற்றலை வானொலி வந்துவிட்டது. டிரான்சிஸ்டரைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைப் பிடித்துக் கேட்ட பெரியவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நற்செய்தியை அறிவிக்க இத்தகைய கருவிகளை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் திருஅவையின் உரிமை என்று 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆணை வெளியிட்டது. 1969-இல் பிலிப்பைன்சிலிருந்து வேரித்தாஸ் ஒலிக்கத் தொடங்கியது. 2018 ஜூன் 30-உடன் அதன் சிற்றலை நின்றது. இப்போது இணையத்தில் கேட்கலாம், சிக்னல் கிடைத்தால்!

அதே 2018-இல், மே 9-ஆம் நாள், நம் மலைக்குக் கீழே போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குலதெய்வக் கோயிலைத் தேடி காரில் வந்தவர்கள் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் அவர்களை அடித்தது. சென்னையிலிருந்து வந்த 65 வயது மூதாட்டி இறந்துபோனார். பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் அதற்கு முன்பே வதந்தி பரவியிருந்தது. அதைப் பகிர்ந்தவர்கள் எல்லாரும் கொலை செய்ய நினைத்தவர்களா? இல்லை. நம் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் பலர் அனுப்பியிருப்பார்கள். என்னை அச்சுறுத்துவது இந்த நல்ல எண்ணம்தான்.

ஏனெனில் நம்மிடமும் அது உண்டு. உலக ஊடகங்களை நம்ப முடியாது, நமக்கென்று ஒரு குழு வேண்டும் என்று பங்குக்கு, அன்பியத்துக்கு, இளையோருக்கு எனத் தனித்தனியே வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். நல்லதுதான். ஒருநாள் அதில் ஒரு செய்தி வந்தது: ஆப்கானிஸ்தானில் 22 மறைப்பரப்பாளர் குடும்பங்களுக்கு நாளை மரண தண்டனை, உடனே செபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள். நானே அதை மாலைத் திருப்பலியின் மன்றாட்டில் சேர்த்தேன். சிலர் அழுதார்கள். பிறகுதான் தெரிந்தது, அது பல ஆண்டுகளாக உலகைச் சுற்றிவரும் பொய். அந்த ‘நாளை’க்குத் தேதியே கிடையாது. செபம் வீணாகவில்லை என்று என்னைத் தேற்றினார்கள். ஆனால் பீடத்தருகே நின்று நான் அறிவித்தது பொய்தானே! வேற்று மதத்தார்மீது கோபத்தையும் அது கிளறிவிட்டது.

எட்டாம் கட்டளை பொய்ச்சான்றை விலக்குகிறது. ‘செபத்துக்காக அனுப்பினால் பரவாயில்லை’ என்று அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. ஏதேனில் பாம்பு சொன்னதையே முதல் போலிச் செய்தியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் காட்டினார். அதுவும் ஏவாளிடம் அக்கறை உள்ளதுபோலத்தான் பேசியது.

‘நம் வாழ்வு’ இதழை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது. தவறு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். வேரித்தாசிலும் குரலுக்குரியவர் இன்னார் என்று தெரிந்துதான் நம்மவர்கள் கடிதம் எழுதினார்கள். ‘பகிரப்பட்டது’ என்று வரும் செய்திக்கு யார் பொறுப்பு? மேலே சிலுவைப் படம் இருந்தால் போதுமா? சாமையை முறத்தில் போட்டுப் புடைக்காமல் உலையில் போடுகிறவர் நம் மலையில் உண்டா?

சீராக்கின் ஞானம் 19-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால் அவரிடமே போய்க் கேள், அவர் அதைச் செய்யாமலும் இருந்திருக்கலாம் என்கிறது. அத்திமூரில் அன்று ஒருவராவது அந்தக் காரை நிறுத்தி, “எங்கேம்மா போறீங்க?” என்று கேட்டு, பதிலையும் காதில் வாங்கியிருந்தால்!

இந்த வாரத்திலிருந்து நம் பங்குக் குழுவில் எதையும் பகிரும் முன் என்னிடமோ வேதியரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். தொலைபேசி கிடைக்காவிட்டால் ஞாயிறுவரை காத்திருக்கலாம். நானும் உங்களிடம் கேட்டே அறிவிப்பேன்.

அந்த மூதாட்டியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், அவரை அடித்தவர்களுக்காகவும், அந்தச் செய்தியை அனுப்பிய முகம் தெரியாத கைகளுக்காகவும் இப்போது மன்றாடுவோம்.