சொல்லைத் தேடும் கட்டளை

1787, 1788 ஆம் ஆண்டுகளில், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 85 கட்டுரைகள் ஒரே புனைபெயரில் வெளிவந்தன. அவற்றுட் சில ஹமில்ற்றன் எழுதியனவோ, மடிசன் எழுதியனவோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவிற்று.

பெல் ஆய்வுகூடத்து லீ மக்மேகன் இவ்வையத்தைக் கணினி கொண்டு ஆராய முற்பட்டார். கட்டுரைகள் முழுவதையும் ஒருங்கே நினைவகத்தில் ஏற்ற இயலவில்லை. அத்தேவையிலிருந்தே கென் தொம்சன் 'கிரெப்' என்னும் கட்டளையை ஆக்கினார் என்பர். 1973 இல் அது யுனிக்ஸ் முறைமையிற் சேர்ந்தது.

தேடுஞ் சொல்லையும் கோப்பின் பெயரையும் தட்டச்சிட்டால், கிரெப் வரிவரியாகப் படித்து, அச்சொல் வரும் வரிகளை மாத்திரம் தரும். ஆதலின் கோப்பின் பருமன் தடையாவதில்லை.

'அப்பொன்' என்னும் சிறுசொல்லை ஹமில்ற்றன் மிகுதியாகவும் மடிசன் அருகியும் ஆண்டனர். இத்தகைய சொற்களே ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பன. எனினும், வரியைக் காட்டுவது கட்டளையின் பணி. எழுதியவர் யாரெனத் துணிவது கற்றோர் கடன்.