கூட்டம் நீண்டால் உரிமை குறையும்

(கெலுகோரில் ஆலய, பள்ளி, குடியிருப்பாளர் சங்கச் செயலவையினரிடையே ஆற்றிய உரை)



ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடியிருப்பாளர் சங்கம் என்று நீங்கள் ஏதாவது ஒரு செயலவையில் இருப்பீர்கள். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அது ஒரு நாள். உங்கள் செயலவைக் கூட்டமோ மாதாமாதம் நடக்கிறது. அங்கே நேரம் எப்படிப் போகிறது?

ஒரு கணக்குப் போடுங்கள். 7.30 மணிக்கு அழைப்பு. வந்தவர்கள் 12 பேர். கூட்டம் தொடங்குவது 8.15க்கு. 12 பேருக்கும் 45 நிமிடம் என்றால் 9 மணி நேரம் வீண். ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்புக்கும் மேல்!

அடுத்து நடப்பது இன்னும் மோசம். பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் 9.30க்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டிய தாய் 10 மணிக்கு எழுந்து போவார். அதுவரை பேசியதெல்லாம் திருவிழாப் பந்தலும் பழைய சண்டையும்தான். கோயில் நிலம், பள்ளிக் கட்டடம் பற்றிய முடிவு மட்டும் 11 மணிக்கு, ‘இதர விவகாரம்’ என்ற தலைப்பில், மிஞ்சிய நான்கு பேரால் எடுக்கப்படும். பறிபோனது யாருடைய ஓட்டு? உழைக்கிறவர்களின் ஓட்டு!

கெலுகோர் மக்களுக்குக் கம்போங் புவா பாலாவை நினைவூட்டத் தேவையில்லை. 2009இல் தீர்ப்பு குடியிருப்பாளர்களுக்கு எதிராக வந்தது. மாற்று வீடு தருகிறோம் என்றார்கள். சிலர் ஏற்றனர், சிலர் மறுத்தனர். அதே ஆண்டு வீடுகள் உடைக்கப்பட்டன. அந்த மக்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நிலத்தைக் கைமாற்றியவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் நெருக்கடி வந்தால் கையில் இருப்பது சில நாட்கள்தான். கூடிப் பேசி, முடிவெடுத்து, எழுதி வைக்கும் பழக்கம் அன்றைக்குத் திடீரென்று வராது.

சட்டமும் இதையே கேட்கிறது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவிடம் தர வேண்டும். சங்கம் வழக்குத் தொடுப்பதானால், பொது அதிகாரியாகப் பதிவு செய்யப்பட்ட உறுப்பினரின் பெயரில் தொடுக்க வேண்டும். உங்கள் சங்கத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? வழக்கறிஞரிடம் வரும்போது முதலில் கேட்பது, “தீர்மானம் எங்கே? கூட்டக் குறிப்பு எங்கே?” என்பதுதான்.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

1. நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். கணக்கறிக்கையை ஒரே தாளில் சேர்த்து அனுப்புங்கள். அப்போது கூட்டத்தில் வரிக்கு வரி வாசிக்க வேண்டியதில்லை.

2. நிலம், பணம், வழக்கு முதலில். பந்தல், சாப்பாடு பிறகு. ‘இதர விவகாரத்தில்’ பெரிய முடிவு எதுவும் வேண்டாம்.

3. ஒவ்வொரு விஷயத்துக்கும் நிமிடம் குறியுங்கள். ஒருவர் இரண்டாம் முறை பேசுமுன், பேசாதவரைக் கேளுங்கள். குறிப்பாகப் பெண்களை.

4. கோரம் எத்தனை பேர் என்று உங்கள் சட்டவிதியைப் பாருங்கள். சேர்ந்ததும் தொடங்குங்கள். தலைவர் வரும்வரை காத்திருப்பது மரியாதை அல்ல. சட்டவிதி அனுமதித்தால் துணைத்தலைவர் நடத்தட்டும்.

5. குறிப்பில் மூன்று போதும்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். யார் யாரைத் திட்டினார் என்பது வேண்டாம்.

6. குத்தகை எடுப்பவர் செயலவையினரின் உறவினர் என்றால், அந்த உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு வெளியே இருக்கட்டும்.

7. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவது தீர்மானம் ஆகாது. சட்டவிதியில் இடமில்லாவிட்டால் முறையாகக் கூட்டம் கூட்டுங்கள்.

“நாலு பேர் மனம்விட்டுப் பேசக்கூட நேரமில்லையா?” என்று கேட்பீர்கள். பேசுங்கள். கூட்டத்தை முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டு பேசுங்கள். வீட்டுக்குப் போக வேண்டியவர் தம் ஓட்டைப் போட்டுவிட்டுப் போகட்டும்.

நம் ஆலயமும் பள்ளியும் நம் உழைப்பில் நிற்பவை. அவற்றைக் காக்கும் முடிவில் உழைப்பவர்களுக்கு இடம் வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். 9.30க்குள் முடியுங்கள்.