பிரசங்க பீடமும் பெண்களும்

சென்னையிலிருந்து மும்பைக்குப் புகைவண்டியில் செல்லும் நம்மவர், தௌண்ட் சந்திப்பைத் தாண்டிப் புணேயை நெருங்குமுன், கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கடக்கின்றனர். பெயர்ப் பலகையைப் பார்ப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஆயினும், கிறிஸ்தவ சமயத்தில் பெண்கள் போதிக்கலாமா, சபையை நடத்தலாமா என்னும் பழைய வழக்கிற்கு நம் நாடு அளித்த விடைகளுள் சிறந்ததொன்று அவ்வூரிலேதான் உருவாயிற்று.

வழக்கு மிகப் பழையது. பவுல் அடிகள் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரம், பெண்கள் சபையில் பேசாதிருக்க வேண்டுமென்கிறது. அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரமோ, பெண்கள் ஜெபம் செய்யும்போதும் தீர்க்கதரிசனம் உரைக்கும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டுமென்கிறது. பேசவே கூடாதென்றால், பேசும்போது கொள்ளவேண்டிய ஒழுங்கு எதற்கு? கெங்கிரேயாவில் தொண்டு புரிந்த பெபேயாளைப் பவுல் போற்றுகிறார். அப்பொல்லோ என்ற கல்விமானுக்குக் கணவனோடு சேர்ந்து நெறியைத் தெளிவுறுத்தியவள் பிரிஸ்கில்லாள். இயேசு உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடருக்கு அறிவித்தவள் மகதலேனா மரியாள் என்பது யோவான் சுவிசேஷத்தின் கூற்று. எனவே, இரு கட்சியாரும் ஒரே நூலையே ஆதாரமாகக் காட்டி வந்துள்ளனர்.

இனி, கேட்காவுக்கு வருவோம். பண்டிதை ரமாபாய் 1858-இல் பிறந்தவர். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்கள் வடமொழி கற்கலாகாது என்ற அந்நாளைய கட்டுப்பாட்டை மீறித் தம் மனைவிக்கு அம்மொழியைப் பயிற்றியவர். தாய் மகளுக்குப் பயிற்றினார். தலம் தலமாகச் சென்று புராணம் வாசித்த அக்குடும்பத்தில், 1870-களின் பஞ்சக் காலத்தில் பெற்றோர் இருவரும் மாண்டனர். தமையனோடு கல்கத்தாவை அடைந்த ரமாபாயின் புலமையை வியந்து, 1878-இல் அங்குள்ள அறிஞர்கள் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை வழங்கினர். 1880-இல் மணம் புரிந்து, 1882-இல் கைக்குழந்தையோடு கைம்பெண்ணானார். 1883-இல் இங்கிலாந்து சென்று, வான்டேஜ் என்னுமிடத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

அங்கேதான் சோதனை காத்திருந்தது. செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் இருந்தபோது, அவர் இளைஞர்களுக்கும் பாடம் சொல்லலாம் என்றொரு யோசனை எழுந்தது. ஆண்களுக்குப் பெண் கற்பிப்பது இந்தியாவில் அவருக்கு இழுக்காகும் என்று, இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேய அத்தியட்சர்கள் மறுத்தனர். ரமாபாய் அதை ஏற்கவில்லை. வைதிகரான தம் தந்தையே தடுக்காத ஒன்றைக் கிறிஸ்தவத் தலைவர்கள் தடுப்பது அவருக்கு வியப்பாயிருந்தது. இந்தியப் பெண்ணின் மானத்தைக் காப்பதாகக் கூறி, இந்தியப் பெண்ணின் வாயை அடைத்த விந்தை அது!

1889-இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் சாரதா சதனத்தை நிறுவினார். பின்னர்க் கேட்காவில் முக்தி இல்லம் எழுந்தது. 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்திலிருந்து அநாதைப் பெண்களை அங்கே அழைத்து வந்தார். கல்வி, நெசவு, பயிர்த்தொழில், அச்சுத்தொழில் ஆகியவற்றைக் கற்ற பெண்கள், 1905-இல் அங்கு எழுந்த சமய எழுச்சிக்குப்பின் குழுக்களாகச் சென்று போதிக்கவும் செய்தனர். எபிரேயமும் கிரேக்கமும் கற்ற ரமாபாய், வேதாகமத்தை எளிய மராத்தியில் பெயர்த்தார். எழுத்துக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் முக்தியின் பெண்களே. 1922 ஏப்ரல் 5 அன்று அவர் மறைந்தார். முழு நூல் அதன்பின் வெளிவந்தது.

இத்தனையும் செய்தவருக்குக் குருப்பட்டம் இல்லை. ஒரு பெண் வேதத்தை மொழிபெயர்க்கலாம், பெருங்கூட்டத்தை நடத்தலாம், ஆனால் நற்கருணைப் பந்தியில் தலைமை தாங்கலாகாது என்பதே அன்றைய நிலை. ஆங்கிலிக்கன் மரபில் அந்த எல்லையை முதலில் உடைத்தது போர்க்காலத் தேவை. மக்காவ் நகரத்து ஆங்கிலிக்கன் சபைக்குக் குருமார் செல்ல இயலாமற்போகவே, 1944-இல் ஹாங்காங் அத்தியட்சர் ரொனால்டு ஹால், லி டிம்-ஓய் என்ற சீனப் பெண்மணிக்குக் குருப்பட்டம் அளித்தார். போர் முடிந்ததும் கண்டனம் எழுந்தது. 1946-இல் அவர் தம் பணியுரிமையை விட்டுக்கொடுத்தார். தேவை இருந்தபோது வேண்டப்பட்டவர், தேவை தீர்ந்தபின் விலக வேண்டியதாயிற்று.

1947-இல் சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1970-களில் பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் தொடங்கியது. 2013-இல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்திற்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவரே. கத்தோலிக்கத் திருச்சபையோ, பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் தனக்கு அதிகாரமில்லை என 1994-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் வாயிலாக உறுதிசெய்தது. மரபைக் காப்பது கடமை என்பது அவர்கள் துணிபு. அதனையும் நாம் மதித்துக் கேட்கவேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ்ச் சபைகளில், ஞாயிறு பள்ளியை நடத்துவதும் நோயாளரைக் காண்பதும் பெரும்பாலும் பெண்களே. பீடத்தைப் பற்றிய முடிவு அந்தந்தச் சபைக்குரியது. எனினும், ஒருவரிடம் உழைப்பை மட்டும் பெற்றுக்கொண்டு, ஆலோசனை கேட்கும்போது அவரை மறந்துவிடும் வழக்கம் எந்தச் சமயத்தார்க்கும் அழகன்று. கேட்காவின் பெண்கள் கோத்த எழுத்துக்களை ஆண்களும்தாம் படித்தார்கள். படித்தவர் எவரும் அதனால் குறைந்துபோகவில்லை.