நூறு எப்படி 167 கோடி ஆயிற்று?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் வாங்கிய ஒரு குட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1997. சென்னையில் ஒரு வங்கியின் வேலை. ஒரு பக்கம் சன் ஸ்பார்க் சர்வர், மறுபக்கம் இன்டெல் பி.சி.க்கள். பி.சி. அனுப்பும் கணக்கு விவரத்தை சர்வர் வாங்கிக்கொள்ள வேண்டும். 'பிங்' போட்டால் பதில் வருகிறது. கனெக்‌ஷனும் கிடைக்கிறது. அதற்கப்புறம் சர்வர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடும்.

பி.சி.க்கும் பி.சி.க்கும் சோதித்தால் ஓடுகிறது. சன்னுக்கும் சன்னுக்கும் ஓடுகிறது. இரண்டு கோஷ்டியும் "எங்க பக்கம் சரியா இருக்கு" என்று கையை விரித்தாயிற்று. மிச்சம் இருந்தது கேபிள்தான். கேபிள் போட்ட அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு தடவை மாற்றச் சொன்னோம். "ஒயர்ல ஒண்ணும் இல்ல சார், பிங் போகுதே" என்றார். நியாயமான பேச்சு. ஆனாலும் 'கேபிள் பழுது' என்று ரிப்போர்ட் எழுதினேன். அவர் பில் நின்றுபோனது.

நாலாம் நாள் ராத்திரி சர்வரில் 'ஸ்னூப்' போட்டு, ஒயரில் வரும் பைட்டுகளை அப்படியே பார்த்தேன். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை நாலு பைட்டில் அனுப்புவது எங்கள் ஏற்பாடு. செய்தி 100 பைட், ஹெக்ஸில் 64. வர வேண்டியது 00 00 00 64. வந்திருந்ததோ 64 00 00 00! இன்டெல் சின்ன பைட்டை முதலில் வைக்கும். ஸ்பார்க் பெரிய பைட்டை முதலில் படிக்கும். சர்வர் அதை 167,77,21,600 என்று படித்துவிட்டு, அத்தனை பைட்டும் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறது. பாவம், அதன் மேல் என்ன தப்பு?

இந்தச் சண்டைக்கு 1980-ல் டேனி கோஹன் என்பவர் 'பிக் எண்டியன்', 'லிட்டில் எண்டியன்' என்று பெயர் வைத்தார். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவரின் கதையில் அடித்துக்கொள்வார்களே, அதிலிருந்து எடுத்தது. இன்டர்நெட்டின் வழக்கம் பெரிய பைட் முதலில். அனுப்பும் முன் ஹெச்-டி-ஓ-என்-எல் என்ற ஃபங்ஷனால் மாற்ற வேண்டும். ஸ்பார்க்கில் அது எதையும் மாற்றாது. ஆகவே விட்டுவிட்டாலும் தெரியாது. இரண்டு பி.சி.யிலும் விட்டால் தப்புக்குத் தப்பு சரியாகிவிடும். போர்ட் நம்பரை மட்டும் புத்தகத்தைப் பார்த்து ஒழுங்காக மாற்றியிருந்தோம். இல்லாவிட்டால் 5000 என்பது 34835 ஆகி, கனெக்‌ஷனே கிடைத்திருக்காது. முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்!

மாணவர்களே, இன்றைய லேப்டாப்பும் செல்போனும் பெரும்பாலும் லிட்டில் எண்டியன்தான். அதனால் இந்தப் பிழை வருஷக்கணக்கில் தூங்கும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், பெரும்பாலும் எதிர் மெஷின் இருக்கிறது, அந்த போர்ட்டில் புரோகிராம் இல்லை. பதிலே வராவிட்டால் ஃபயர்வாலையும் பாதையையும் பாருங்கள். கனெக்‌ஷன் கிடைத்த பிறகு நின்றால், ஒயர்ஷார்க்கைத் திறந்து பைட்டுகளைப் பாருங்கள். ஆளைப் பிடிக்கக் கிளம்பாதீர்கள்.

திருத்தம் ஒரே ஒரு வரி. ரிப்போர்ட்டில் 'கேபிள் பழுது' என்பதை அடித்து, 'புரோகிராம் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனின் பில் மூன்று வாரம் கழித்துப் பாஸாயிற்று. அடுத்த வேலைக்குக் கூப்பிட்டபோது, "வேற ஆளப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டார்.