மகிமை மாதாவும் நம் வீட்டு ஜெபமாலையும்
(சங்கத்தின் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பேசியது)



லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகிறவர்கள், பாலம் ஏறுமுன் பழவேற்காட்டில் மகிமை மாதா திருத்தலத்தையும் பாருங்கள். 1515-இல், போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கியது என்பார்கள். பிறகு வந்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கர்கள் அல்ல. 1613-இல் கோட்டை கட்டினார்கள். இன்று அந்தக் கோட்டை புதர்மேடு. மாதாவிடம் மக்கள் இன்னும் வருகிறார்கள்.

நம்பிக்கை வீட்டில்தான் கைமாறுகிறது. பெரியவர்கள் ஜெபமாலை சொல்ல, பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது.

நம் ஃபிளாட்டுகளில் அந்தச் சத்தம் குறைந்துவிட்டது, என் வீட்டிலும்தான். இன்றிரவு டிவியை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் சேர்ந்து உட்காருங்கள். பூசைக்குப் போக முடியாத பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூப்பிடுங்கள்.