முயலுக்கு ஒரு சீப்பு

எங்கள் சிறுவாச்சூரில் முயல் வளர்க்கும் பிள்ளைகள், "ஐயா, உரோமம் கொத்துக் கொத்தாக உதிர்கிறதே, நோயா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. நோயன்று, பழையது கழிந்து புதியது முளைக்கும் பருவம் அது. ஆயினும், முயல் தன் உடலை நக்கும்பொழுது உதிர்ந்த உரோமத்தை விழுங்கிவிடும். பூனையைப் போல் வாந்தியெடுக்க அதனால் இயலாது. நார்ச்சத்துக் குறைந்த உணவும் உடன் சேர்ந்தால், குடலின் இயக்கமே நின்றுபோகலாம். ஆகவே, சீவிவிடுதல் அழகுக்கன்று, உயிர்காப்புக்கே.

முயலின் தோல் மிக மெல்லியது. கூரிய கம்பிப் பிரஷ் அதனைக் கீறிவிடும். கொடைக்கானலை அடுத்த மன்னவனூர் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பெறும் சோவியத் சிஞ்சில்லா போன்ற குட்டை உரோம இனங்களுக்கு மென்மையான ரப்பர் பிரஷ் போதும். அங்கோராவின் நீண்ட உரோமத்திற்கு அகன்ற பற்களுள்ள சீப்பு வேண்டும். மடியில் இருத்தி, உரோமம் படிந்த திசையிலேயே மெல்லச் சீவுங்கள். சிக்கலை இழுக்காமல் விரலால் பிரியுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் கூடா.

எங்கள் மதுரகாளியம்மன் கோவில் திறக்கும் திங்களும் வெள்ளியும் சீவும் நாட்கள் என நினைவிற் கொள்ளுங்கள். உதிரும் பருவத்தில் நாள்தோறும் சீவுங்கள். உலர்ந்த புல்லும் நீரும் எந்நேரமும் இருக்கட்டும். அரைநாள் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் முயல் ஒடுங்கியிருந்தால், சீப்பை வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள். வாயில்லா உயிர் தன் துன்பத்தை உரைக்கும் மொழி அதுவே.